மோடம் முன்கூடத்தில், ரவுட்டர் நடையில்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டில் என் வீட்டுக்காரருடைய பேச்சைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாள் ரெஹானா. இன்று என்ன சொல் வந்தது, எதைப் பார்த்து வந்தது, எப்போது எரிச்சல்பட்டார் என்று. அவள் திருச்சியில் இருக்கும் பேச்சுப் பயிற்சியாளர். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் போனில் வீடியோவில் வருவாள்.

இன்று வந்த சொல்: சரி.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்த பிறகு இவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். வலது கைக்கும் பலமில்லை. பசித்தால் ‘சரி’. வேட்டி நழுவினால் ‘சரி’. என் மேல் கோபம் வந்தால் அதே ‘சரி’ கொஞ்சம் சத்தமாக. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்றார் டாக்டர். பகலில் தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றாலும் கோவில்பட்டியில் இவரை எல்லாருக்கும் தெரிந்தது மைக்கால்தான். எந்த ஹாக்கிப் போட்டி நடந்தாலும் வர்ணனை இவர்தான். சேர்மராஜ் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டே மேட்ச் பார்க்கலாம் என்பார்கள்.

இன்றைய பயிற்சி பாதியில் நின்றது. ரெஹானா உதட்டைக் குவித்து ‘பூ’ என்று காட்டினாள். படம் அப்படியே உறைந்துவிட்டது. சத்தம் பிறகு தனியாக வந்தது. இவர் உறைந்துபோன அந்த வாயைப் பார்த்துத் தன் வாயையும் அதேபோலக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அம்மா, என் உதட்டப் பார்த்துத்தான் அவர் சொல்லணும். படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் வந்தா குழம்பிருவார். அவர் முகமும் எனக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரியுது. போன் டேட்டா பத்தாது. வீட்டுக்குன்னு ஒரு லைன் போட்டிருங்க. பேச்சு திரும்பி வர்றதுக்கு இந்த மாசங்கதான் முக்கியம்.”

சரி என்றேன்.

ஜூன் 5, புதன்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. இப்போதுதான் சிமெண்ட் ரோடு போட்டிருப்பதால் தோண்ட விடமாட்டார்களாம். இருப்பது வேல்ச்சாமியின் டி.வி. கேபிள். அதே ஒயரில் இன்டர்நெட்டும் தருகிறார்.

காலையில் ஒரு பெட்டியோடு வந்தார். மோடமும் வைஃபையும் சேர்ந்த ஒரே பெட்டி, வாடகைக்கு. பழக்கதோஷத்தில் இவரிடம்தான் கேட்டார். “அண்ணாச்சி, டி.வி. பக்கத்துலயே வச்சிரலாமா?”

“சரி.”

வைத்துவிட்டுப் போய்விட்டார். அது சம்மதமில்லை என்று எனக்குத் தெரியும். இவர் கை மேலே எழுந்ததையும் பார்த்தேன். நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஜூன் 7, வெள்ளி

முன்கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ரெஹானா தெளிவாக வந்தாள். இவர் முகம் மட்டும் அவளுக்கு இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறதாம். இவர் வாயைத் திறந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு பேர். பழைய ஹாக்கி ஆட்டக்காரர்கள், நலம் விசாரிக்க வந்தவர்கள். இவர் எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போனைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். வைஃபை ஒரே ஒரு கோட்டில் நின்று அதுவும் போனது. இது இவருடைய தாத்தா கட்டிய வீடு. சுவரெல்லாம் கருங்கல்.

இனி முன்கூடத்தில் உட்கார மாட்டார். சொல்லத் தேவையில்லை, முகத்திலேயே இருக்கிறது. நான்கு பேர் முன்னால் ‘பூ’ சொல்லித் திணற அவரால் முடியாது.

ஜூன் 8, சனி

சென்னையிலிருந்து இவர் தம்பி ராஜலிங்கம் போன் செய்தான். “மதினி, எட்டு ஆன்டெனா உள்ள ரவுட்டரா வாங்குங்க. கேம் ஆடுறவங்கள்லாம் அதுதான் வாங்குதாங்க. நான் லிங்க் அனுப்புதேன். வேற எதையும் பாக்காதீங்க.”

எங்கள் வீட்டில் யாரும் கேம் ஆடுவதில்லை என்று சொல்ல வந்தேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

பயிற்சி இல்லை. நான்தான் ரெஹானாவிடம் லைன் சரியாகட்டும் என்றேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இசக்கியப்பனிடம் போனேன். தம்பி அனுப்பிய எட்டு ஆன்டெனா படத்தைக் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கும், நானே விற்கிறேன் என்றார். பிறகு, வீடு எப்படி என்று கேட்டார். கருங்கல் சுவர் என்றதும் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“எட்டு என்ன, பதினாறு வச்சாலும் அந்தச் சுவரத் தாண்டி வீடியோ ஒழுங்கா வராதுக்கா. பெட்டியத்தான் ஆளு பக்கத்துல கொண்டு போகணும்.”

“டி.வி. ஒயர் முன்கூடத்துலல்லா வருது? பெட்டி அங்கதான இருக்கணும்?”

“மோடம் அங்கதான் இருக்கணும். ரவுட்டர் எங்க வேணும்னாலும் இருக்கலாம்.”

அப்போதுதான் இரண்டும் வேறு வேறு என்பதே எனக்குத் தெரிந்தது. மோடம் கேபிள் ஒயரோடு பேசுவது. ரவுட்டர் அதை வாங்கி வீட்டுக்குள் பங்கிட்டுக் கொடுப்பது. ஒரே பெட்டியாக வாங்கினால் இரண்டும் டி.வி. பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். தனித்தனியாக வாங்கினால் நடுவில் ஒரு நீள ஒயர் போட்டு ரவுட்டரை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம்.

இன்னொன்றும் கேட்டேன். நமக்குப் படம் வருவது சரி, இவர் முகம் ரெஹானாவுக்கு ஏன் கட்டம் கட்டமாகப் போகிறது? அதற்கு, வரும் வேகம் வேறு, போகும் வேகம் வேறு என்றார். எல்லாரும் வரும் வேகத்தைத்தான் கேட்டு வாங்குவார்களாம். கேபிள் லைனில் போகும் வேகம் எப்போதும் குறைவு. வேல்ச்சாமி கொடுத்தது பழைய வகை மோடம் என்பதால் இன்னும் குறைவு. புதிய வகையாக வாங்க வேண்டும், ஆனால் அது வேல்ச்சாமியின் லைனில் ஏறுமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியதெல்லாம் முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடையில் நின்று நானே கேட்டு நானே பதில் வாங்கி வருவது புதிதாக இருந்தது. என் ரவிக்கைக்குக் கை எவ்வளவு நீளம் என்று டெய்லர் கேட்டால்கூட இவர்தான் பதில் சொல்வார். தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டார். சரியாகத்தான் சொல்வார்.

இவருக்காகத்தான் போனேன்.

ஜூன் 11, செவ்வாய்

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒவ்வொரு இடமாக வைத்துவிட்டு, இவர் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக் கட்டிலில் போய் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்தேன். முன்கூடத்தில் வைத்தால் ஒன்று. சமையலறையில் இரண்டு. முன்கூடத்திலிருந்து பின்னறைக்குப் போகும் நடையில், பரண் மேல் வைத்தால் முழுசாக வந்தது. நடையிலிருந்து பின்னறைக்குச் சுவரில்லை, மரக்கதவுதான்.

நான் நாற்காலியில் ஏறி இறங்குவதை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை நாற்காலி ஆடியபோது வந்து பிடித்துக்கொண்டார்.

ஜூன் 13, வியாழன்

வேல்ச்சாமியின் ஆபீசுக்குப் போனேன். போகும் முன் கண்ணாடி முன் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தேன்.

“வெளி மோடம்லாம் நம்ம லைன்ல ஏறாதுக்கா,” என்றார், தலை நிமிராமல்.

“எந்த மோடமும் ஏறாதா, இல்ல சிலது ஏறுமா?”

“அதெல்லாம் டெக்னிக்கலு. அண்ணாச்சிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

“அண்ணாச்சியால பேச முடியாது. அதுக்குத்தான் இந்த லைனே. நீங்க எங்கிட்டதான் பேசணும்.”

அங்கே வேறு இரண்டு பேர் ரீசார்ஜ் செய்ய வந்து நின்றிருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் நகரவில்லை.

வேல்ச்சாமி மெயின் ஆபீசுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். போட்டார். புதிய வகையில் இரண்டு மாடல் ஏறும், பெட்டியின் அடியில் உள்ள நம்பரை அனுப்பினால் பதிந்து தருவோம் என்றார்கள் அங்கிருந்தவர்கள். “போற வேகம் எவ்வளவு தருவீங்க?” என்று நானே குனிந்து கேட்டேன். சொன்னார்கள். வீடியோவுக்குப் போதுமா என்றேன். தாராளமாகப் போதும் என்றார்கள்.

வேல்ச்சாமி போனை வைத்தார். நான் வாசலிறங்கும்போது, “ரவுட்டரு எங்க வைக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நடையில, பரண் மேல.”

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். அவர் சொன்னது, நான் சொன்னது, ஸ்பீக்கர் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், “சரி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். களைப்பாக இருந்திருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

ஒன்றும் விசேஷமில்லை. துணி துவைத்தேன். வேல்ச்சாமியிடம் பேசியதை மனதுக்குள் இன்னொருமுறை பேசிப் பார்த்தேன். ஓரிடத்தில் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, சனி

வாங்கிவிட்டேன். மோடம் அந்த இரண்டு மாடலில் ஒன்று. ரவுட்டர் சாதாரணமானது, இரண்டே ஆன்டெனா. ஒரு பக்கத்து அறைக்கு அதுவே அதிகம் என்று இசக்கியப்பனும் சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டது. அவரே வந்து ஒயரைச் சுவரோரமாக இழுத்துப் பரண்வரை கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பிக்கு வருத்தம். “அண்ணன் நல்லா இருந்தா இப்படி வாங்கியிருப்பானா மதினி?” என்றான்.

“மாட்டாங்க. நீ சொன்னதத்தான் வாங்கியிருப்பாங்க. அத வச்சிக்கிட்டு முன்கூடத்துலதான் உக்காந்திருக்கணும்,” என்றேன்.

அவனிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. இவர் பக்கத்தில்தான் இருந்தார்.

ஜூன் 17, திங்கள்

தோல்வி.

பின்னறையில் எல்லாக் கோடும் முழுசாக இருந்தது. ரெஹானா கண்ணாடிபோலத் தெரிந்தாள். கொஞ்ச நேரம்தான். அறுந்தது. திரும்ப வந்தது. அறுந்தது. இவர் ‘பூ’வுக்கு மிக அருகில் ஒரு சத்தத்தைக் கொண்டுவந்திருந்தார், உதடு நடுங்கியது, அந்த நேரம் பார்த்து அறுந்தது. “சரி, சரி, சரி” என்று கட்டிலைக் கையால் அடித்தார்.

வேல்ச்சாமிக்குப் போன் செய்தேன். “நான்தான் சொன்னேன்லாக்கா, வெளிப் பெட்டி வேண்டாம்னு. பழசையே மாட்டிக்கிடுவோம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

யாருக்கும் போன் செய்யவில்லை. மாவு அரைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 19, புதன்

இன்றும் செய்யவில்லை. பரணைத் துடைத்தேன். பக்கத்து வீட்டில் மோட்டார் ரிப்பேர்காரனிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார்கள், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ரெஹானா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

சாயங்காலம் பயிற்சி நேரத்துக்கு இவர் சட்டை மாற்றித் தலை வாரிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருந்தார். நான் போகாததைக் கண்டு எழுந்து சமையலறைக்கு வந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனைக் கொடுத்தார்.

“சரி?” என்றார்.

அந்தச் சொல்லை இவர் கேள்வியாகக் கேட்டு நான் கேட்டதில்லை.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாவும் பரணும் வெறும் சாக்கு. ஏன் என்று இங்கே எழுத வேண்டாம். ரெஹானாவும் இதைப் படிப்பாள்.

ஜூன் 20, வியாழன்

காலையிலேயே இசக்கியப்பனைக் கூப்பிட்டு அவருடைய லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். ரவுட்டரைக் கழற்றிவிட்டு மோடத்தில் நேராக ஒயர் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அதிலும் அறுந்தது. ஆக, ரவுட்டர் மேல் குற்றமில்லை.

வேல்ச்சாமியை வரச் சொன்னேன். பழைய பெட்டியோடு சந்தோஷமாக வந்தார். “அதையே மாட்டுங்க,” என்றேன். மாட்டினார். லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஓடவிட்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இவரும் வந்து வாசற்படியில் நின்றார்.

அறுந்தது.

“உங்க பெட்டியிலயும் அறுந்து போகுதே,” என்றேன்.

வேல்ச்சாமி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“மோடம் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மோடத்துக்கு வர்ற ஒயருலதான் கோளாறு. மாடிக்குப் போய்ப் பாப்போம், வாங்க,” என்றேன்.

மாடியில் கேபிள் ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு கிளை எங்கள் வீட்டுக்கு. இன்னொன்று மேல்வீட்டில் எப்போதோ குடியிருந்தவர்களுக்குப் போட்டது, யாரும் இல்லாமல் முனை திறந்து வெயிலிலும் மழையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டதும் துரு பொடியாக உதிர்ந்தது. டி.வி.க்கு அது போதும், வீடியோ பேச்சுக்குப் போதாது என்று இசக்கியப்பன் சொன்னார்.

வேல்ச்சாமி அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, “எங்க தப்புதாங்க்கா,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது. பிரிப்பானையே எடுத்துவிட்டுப் புது முனை போட்டு எங்கள் ஒயரை நேராக இணைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவரே என் மோடத்தைத் திரும்ப மாட்டி, நம்பர் பதிந்திருக்கிறதா என்று மெயின் ஆபீசில் கேட்டு, ஆள் வைக்காமல் தானே காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்.

வீடியோ சாயங்காலம்வரை ஓடியது. ஒருமுறைகூட அறுபடவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து இவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிப்ரவரிக்குப் பிறகு இவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

முழுப் பயிற்சியும் நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டார். நான் நடையில் ரவுட்டருக்குக் கீழே உட்கார்ந்து பருப்புப் புடைத்தேன்.

“அய்யா, இப்பதான் உங்க வாய் எனக்குச் சரியாத் தெரியுது. நாக்கு எங்க போகுதுன்னு தெரியாமலே இத்தன நாள் சொல்லிக் குடுத்திருக்கேன்,” என்றாள் ரெஹானா.

பிறகு ராகம் போட்டாள். பேசும் வழி அடைத்துக் கிடந்தாலும் பாடும் வழியில் சொல் வருமாம். இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும்.

இன்று வந்த சொல்: பூ. மூன்று தடவை.

பருப்பைப் புடைத்தேனா கொட்டினேனா தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

தண்ணி. வேணும். இரண்டையும் சேர்த்து, பாட்டாக. நான் செம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி பாடினார். மறுபடி கொடுத்தேன். வயிறு நிறைந்த பிறகும் பாடினார்.

ஜூலை 5, வெள்ளி

ரெஹானா கேட்டாள்: “அய்யா, இந்த லைன எல்லாம் சரி பண்ணுனது யாரு?”

கதவுக்கு அந்தப் பக்கம் தொடையில் தட்டும் சத்தம் மட்டும்.

“பு... புஸ்பம்.”

என் பெயர் தங்கபுஷ்பம். கல்யாணமான நாளிலிருந்து ‘ஏட்டீ’ என்பார், ‘இந்தா’ என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் உள்ளே போகவில்லை. நடையிலேயே இருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். இவருக்குப் பேச்சு வர வர, நான் என் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். பால்காரர் வந்தால் இவருக்கு இடம் விட்டு நிற்கிறேன். அதுதான் முறை. பயிற்சிக்கும் அதுதான் நல்லது.

நேற்று தம்பி போன் செய்தபோதும் போனை இவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

வேல்ச்சாமி வந்தார். இவர் முன்கூடத்தில், கதவு திறந்திருக்க, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரமாக அங்கேதான் உட்காருகிறார். நான் வேல்ச்சாமிக்குக் காபி கொண்டுவந்து வைத்தேன்.

“பின்தெருவுல பாதி வீடு கருங்கல்லுதான் அண்ணாச்சி,” என்று இவரைப் பார்த்தே ஆரம்பித்தார். “எல்லாரும் நெட்டு உள்ள வரலன்னு என் உசுர எடுக்காங்க. உங்க வீட்டுல வச்ச மாதிரி ரெண்டு பெட்டியா வைக்கச் சொல்லலாமா? லைன் எப்படி இருக்கு? எந்த மாடல் வாங்கச் சொல்ல?”

இவர் பேப்பரை மடித்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வேல்ச்சாமி தரையைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

நிறுத்திக்கொண்டேன். இத்தனை நாள் பேசக் கிடைத்ததே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் இடது கையால் தொடையில் தட்டத் தொடங்கினார். நெற்றியில் நரம்பு புடைத்தது. தெருவில் ஒரு ஆட்டோ போய் அதன் சத்தமும் அடங்கியது.

“அவ,” என்றார். “அவ... கிட்ட...”

தொடையில் இன்னும் இரண்டு தட்டு.

“கேளு.”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியைத் தன் வலது கையால், அந்தப் பலமில்லாத கையால், என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

வேல்ச்சாமி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “சொல்லுங்கக்கா.”

நான் உட்கார்ந்தேன். முதலில் வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்து பேசப் போகிறார்கள் என்று கேளுங்கள், பெட்டியைப் பற்றி அப்புறம் கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். மோடம் எங்கே, ரவுட்டர் எங்கே, வரும் வேகம் எது, போகும் வேகம் எது, மாடியில் எதைப் பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னேன். வேல்ச்சாமியின் காபி ஆடை கட்டிப்போகும்வரை சொன்னேன். இவர் ஓர் இடத்திலும் குறுக்கே வரவில்லை.